சரக்கு ஃபார்வர்டிங்: பாரிமுனையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் மாடிக்கு ஒரு ஷிப்பிங் ஆபீஸ் இருக்கும். ராஜாஜி சாலையில் கஸ்டம் ஹவுஸ், பக்கத்திலேயே துறைமுகம். தொழில் இங்கே குவிந்ததற்கு அதுதான் காரணம். ஏற்றுமதி, இறக்குமதியில் புதிதாக இறங்குகிறவர்கள் வந்து கேட்கும் கேள்விகளையும், கேட்காமல் விட்டுப் பிறகு பணம் கட்டி அழும் கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வாடகையும் சார்ஜும் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கு அதிகம் சொல்லவில்லை.

ஃபார்வர்டர் என்ன செய்கிறார்? அவரிடம் கப்பல் இருக்கிறதா?

கப்பல் இல்லை. பெரும்பாலும் லாரியும் இல்லை, கிடங்கும் இல்லை.

உங்கள் குடோனில் கிளம்பும் சரக்கு வாங்குபவரின் குடோன் போய்ச் சேர்வதற்குள் லாரிக்காரர், சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் கிடங்கு), கஸ்டம்ஸ், டெர்மினல், கப்பல் லைனர் (கப்பல் ஓட்டும் கம்பெனி), இடையில் இன்னொரு துறைமுகம், அந்த ஊர் ஏஜென்ட், அந்த ஊர் லாரிக்காரர் என்று பல கை மாறுகிறது. இவர்களில் யாருக்கும் அடுத்தவர் வேலையைப் பற்றிக் கவலையில்லை. இத்தனை பேரையும் வரிசையாகக் கோத்து, காகிதத்தைச் சரக்குக்கு முன்னால் ஓட விட்டு, எங்காவது சிக்கினால் யாரைப் பிடிப்பது என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் ஃபார்வர்டர். லைனரிடம் மொத்தமாக இடம் வாங்கிச் சில்லறையாக விற்பதில் அவருக்கு ஒரு லாபம், செய்யும் ஏற்பாட்டுக்கு ஒரு கட்டணம்.

சி.எச்.ஏ.வும் (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) ஃபார்வர்டரும் ஒருவர்தானா?

பல ஆபீஸ்களில் ஒரே போர்டில் இரண்டும் எழுதியிருக்கும். வேலை வேறு. உங்கள் சார்பில் கஸ்டம்ஸில் ஆவணம் தாக்கல் செய்பவருக்கு அரசு லைசென்ஸ் வேண்டும், அதற்குத் தேர்வும் உண்டு. விதிகளில் அவர் பெயர் இப்போது கஸ்டம்ஸ் புரோக்கர். பாரிமுனையில் இன்னும் சி.எச்.ஏ.தான்.

ஃபார்வர்டராகப் போர்டு மாட்ட அப்படித் தேர்வு எதுவும் இல்லை. ஒரு மேசை, ஒரு போன் போதும். ஆனால் தன் பெயரில் மல்டிமோடல் போக்குவரத்து ஆவணம் (லாரி, ரயில், கப்பல் என்று பல வகைப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே காகிதம்) கொடுக்கிறவர் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி டி.ஜி. ஷிப்பிங் என்ற மத்திய அரசுக் கப்பல் துறை அலுவலகத்தில் எம்.டி.ஓ.வாக (மல்டிமோடல் போக்குவரத்து நடத்துபவர்) பதிவு செய்திருக்க வேண்டும். புது ஆளிடம் சரக்கைக் கொடுக்கும் முன் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையில் பதிவு உள்ளவர் கேட்டதும் எடுத்துக் காட்டுவார். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று பேச்சை மாற்றினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

லைனரிடமே நேரடியாகப் புக் பண்ணக் கூடாதா?

பண்ணலாம். பெரிய லைனர்கள் இணையதளத்திலேயே ரேட் காட்டிப் புக்கிங் எடுக்கிறார்கள். மாதம் நிறையப் பெட்டி (கன்டெய்னர்) அனுப்பும் கார் கம்பெனி, டயர் கம்பெனி போன்றவை நேரடி ஒப்பந்தமே போடுகின்றன. எப்போதாவது ஒரு பெட்டி அனுப்புகிறவருக்கு, கப்பலில் இடம் தட்டுப்படும் சீசனில் முதலில் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படுவது அவருடைய பெட்டியாகத்தான் இருக்கும். கப்பல் வாடகை தவிர்த்த மற்ற எல்லா வேலைக்கும் நீங்களே அலைய வேண்டும் என்பது இன்னொன்று.

தொடங்கும் முன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

டி.ஜி.எஃப்.டி. (அரசின் வெளிநாட்டு வர்த்தக அலுவலகம்) தரும் ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அடையாள எண்), இணையத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம், பான் எண்தான் அதன் அடிப்படை. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்துச் சரிபார்க்க வேண்டும். மறந்தால் எண் செயலிழந்து நிற்கும். உங்கள் வங்கியின் ஏ.டி. கோட் எண்ணை (அன்னியச் செலாவணி கையாளும் கிளையின் குறியீடு) கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பதிய வேண்டும். ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யு.டி. (உறுதிமொழிக் கடிதம்) போட வேண்டும். இதெல்லாம் சரக்கு ரெடியாவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஆம்பூரில் கிளம்பும் ஒரு கன்டெய்னர் ஷூ ஹாம்பர்க் போய்ச் சேர என்னென்ன நடக்கும்?

முதலில் புக்கிங். எந்தக் கப்பல், எந்தத் தேதி, 20 அடிப் பெட்டியா 40 அடியா என்று உறுதியானதும் காலிப் பெட்டி எடுக்க லைனர் அனுமதி தருவார். மாதவரம், மணலி பக்கம் உள்ள எம்ப்டி யார்டில் பெட்டியை ஏற்றிக்கொண்டு ட்ரெய்லர் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்கும். ஃபேக்டரியிலேயே லோடு ஏற்றி, கஸ்டம்ஸ் ஏற்கும் எலெக்ட்ரானிக் சீல் போட்டு அனுப்பலாம். பெட்டி நிறையாத சரக்கென்றால் லாரியில் சி.எஃப்.எஸ்.ஸுக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும். துறைமுகத்துக்கு வெளியே கஸ்டம்ஸ் மேற்பார்வையில் நடக்கும் கன்டெய்னர் கிடங்கைத்தான் சி.எஃப்.எஸ். என்கிறார்கள்.

இதற்குள் சி.எச்.ஏ. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் வைத்து ஐஸ்கேட்டில் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான கஸ்டம்ஸ் விண்ணப்பம்) போட்டிருப்பார். கஸ்டம்ஸ் திருப்தியானால் எல்.இ.ஓ. (ஏற்றுமதிக்கான அனுமதி உத்தரவு) கிடைக்கும். அது கிடைக்காமல் பெட்டி கப்பல் ஏறாது. பெட்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையை எடை மேடைச் சீட்டோடு லைனருக்குத் தர வேண்டும். வி.ஜி.எம். எனப்படும் இந்த எடைச் சான்று 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்கக் கட்டாயம். எடையைக் குறைத்துச் சொல்லி ஏற்றிய பெட்டிகளால் அடுக்குகள் சரிந்து கப்பல்கள் ஆபத்தில் சிக்கிய பிறகு வந்த விதி அது.

பிறகு கட்-ஆஃப். கப்பல் எப்போது கிளம்புகிறது என்பதைவிட, டெர்மினல் உங்கள் பெட்டிக்கு எப்போது கேட்டை மூடுகிறது என்பதுதான் முக்கியம். காசிமேட்டுப் பக்கம் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர்கள் வாலைப் பிடித்து நிற்கும் நாட்களில், ஆம்பூரிலிருந்து திருவொற்றியூர் வந்த நேரத்தைவிட அங்கிருந்து கேட்டுக்குள் நுழைய அதிக நேரம் ஆகும். கட்-ஆஃப் நாளன்று காலையில் பெட்டி கிளம்பினால் போதும் என்று கணக்குப் போடும் பார்ட்டிகள் இதில்தான் மாட்டுவார்கள்.

சென்னையில் ஏறும் ஐரோப்பியப் பெட்டிகள் பல, சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்பு போய் அங்கே தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. கிழக்கே போகிறவை சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ மாறும்.

பெட்டி கடலில் மிதக்கும்போது இங்கே பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கைப் பெற்றதற்கான கப்பல் ரசீது) டிராஃப்ட் உங்கள் மெயிலுக்கு வரும். பலர் அதைத் திறக்காமலே "ஓகே" என்று பதில் போடுகிறார்கள். பொறுமையாகப் படியுங்கள். வாங்குபவர் பெயரும் முகவரியும், அட்டைப்பெட்டி எண்ணிக்கை, மொத்த எடை, கன்டெய்னர் எண், சீல் எண் எல்லாம் ஷிப்பிங் பில்லோடும் இன்வாய்ஸோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எல்.சி.யில் (ஆவணம் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உத்தரவாதம்) வியாபாரம் என்றால் இன்னும் கவனம் தேவை: எல்.சி.யில் வேறு கெடு சொல்லாதபோது, கப்பலேற்றிய தேதியிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும். பெயரில் ஒரு எழுத்துப் பிசகினாலும் வங்கி கை விரிக்கலாம். டிராஃப்டில் திருத்துவது சும்மா; கப்பல் போன பிறகு திருத்தினால் லைனருக்கும் கட்டணம், அந்த ஊர் கஸ்டம்ஸிலும் தொல்லை.

காலிப் பெட்டி ஃபேக்டரிக்கு வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

உள்ளே ஒருவரை நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். இருட்டில் ஊசி முனை அளவு வெளிச்சம் எங்கே தெரிந்தாலும் அந்த வழியாக மழையும் வரும், கடல்நீரும் வரும். பிறகு மூக்கு. முந்தின லோடு மிளகாயா, கருவாடா, கெமிக்கலா என்று பலகைத் தரை சொல்லிவிடும். தோல் பொருளும் துணியும் அந்த வாடையை ஒரு மாதப் பயணத்தில் அப்படியே வாங்கிக்கொள்ளும். தரையில் ஈரம், எண்ணெய்க் கறை, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். டிரைவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

காலிப் பெட்டி, பாதி லோடு, முழு லோடு, சாத்திய கதவு, சீல் எண் என்று வரிசையாகப் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் என்று வந்தால் சர்வேயர் முதலில் கேட்பது அதைத்தான். மரப் பெட்டி, பேலட் எல்லாம் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி நீக்கியதற்கான சர்வதேச அடையாளம்) பெற்றவையாக இருக்கட்டும். முத்திரை இல்லாத ஒரு பேலட்டுக்காக முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பும் நாடுகள் இருக்கின்றன.

முழுப் பெட்டியா, எல்.சி.எல்.லா?

எல்.சி.எல். என்பது ஒரே பெட்டியைப் பலர் பங்கு போட்டுக்கொள்வது. ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இதில் எது அதிகமோ அதற்கு வாடகை. 20 அடிப் பெட்டியின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர், நடைமுறையில் 25 முதல் 28 வரை அடுக்கலாம். சரக்கு 12, 13 கன மீட்டரைத் தொட ஆரம்பித்ததுமே இரண்டுக்கும் ரேட் கேட்டு ஒப்பிடுங்கள். பாதிப் பெட்டி காலியாகப் போனாலும் முழுப் பெட்டி மலிவாக அமைவது சகஜம். கூடவே வருகிற இன்னொருவரின் காகிதத்தில் கோளாறு வந்து உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும் தலைவலியும் அதில் கிடையாது.

விமானத்தில் அனுப்பினேன். 120 கிலோ சரக்குக்கு 400 கிலோவுக்குப் பில் வந்திருக்கிறதே?

பில் சரியாகத்தான் இருக்கும். விமானத்தில் எடைக்குச் சமமாக இடத்துக்கும் விலை உண்டு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. அதுவும் நிஜ எடையும், இரண்டில் பெரியது பில்லுக்குப் போகும். பனையோலைக் கூடை 20 அட்டைப்பெட்டி, ஒவ்வொன்றும் 60 × 50 × 40 செ.மீ., 6 கிலோ என்று வையுங்கள். நிஜ எடை 120 கிலோ. கன அளவு எடை பெட்டிக்கு 20 கிலோ வீதம் 400. கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கி உயரத்தைப் பாதியாக்கினால் பில்லும் பாதியாகும். மீனம்பாக்கத்துக்கு வண்டி ஏற்றும் முன் ஒரு டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். கூரியர் கம்பெனிகள் பொதுவாக 5,000ஆல் வகுக்கும், அதில் இன்னும் கூடும்.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்கிறார்களே, எனக்கு எது நல்லது?

யார் எதுவரை செலவு செய்கிறார், எந்த இடத்தில் ரிஸ்க் கை மாறுகிறது என்று சொல்லும் ஒப்பந்தச் சொற்கள் இவை. இன்கோடெர்ம்ஸ் 2020இல் மொத்தம் 11 உண்டு. எஃப்.ஓ.பி.யில் விற்பவர் கப்பலில் ஏற்றுவதோடு சரி. சி.ஐ.எஃப்.பில் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் விற்பவர் கட்டுவார்.

இறக்குமதி செய்கிறவர்களிடம் இங்கே ஒரு பெரிய தப்பெண்ணம் உண்டு. "சி.ஐ.எஃப். சென்னைன்னு போட்டிருக்கு, சென்னை வரைக்கும் அவன் பொறுப்பு" என்பார்கள். செலவுதான் சென்னை வரை அவருடையது. ரிஸ்க், சரக்கு விற்பவர் ஊர்த் துறைமுகத்தில் கப்பல் ஏறியதுமே உங்களுடையதாகிவிடும். நடுக்கடலில் நனைந்தால் க்ளெய்ம் போட வேண்டியவர் நீங்கள்.

ஏற்றுமதிக்காரருக்கு எஃப்.ஓ.பி.யில் வேறொரு பள்ளம். ஃபார்வர்டரை நியமிப்பது வாங்குபவர். அவர் சொன்ன ஆளிடம் சரக்கைக் கொடுத்து அந்த ஆள் தரும் ஹவுஸ் பி.எல்.லை வாங்குகிறீர்கள். அந்த ஃபார்வர்டருக்குச் சோறு போடுவது வாங்குபவர் என்பதை மறக்க வேண்டாம். ஒரிஜினல் பி.எல். உங்கள் வங்கியில் இருக்கும்போதே அந்த ஊரில் சரக்கு டெலிவரி ஆகிவிட்ட கதைகள் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கேட்கக் கிடைக்கும். அட்வான்ஸ் வாங்காத புதுப் பார்ட்டிக்கு எஃப்.ஓ.பி.யில் அனுப்புவதென்றால், நியமிக்கப்பட்ட ஃபார்வர்டரின் இந்திய ஆபீஸ், எம்.டி.ஓ. பதிவு இரண்டையும் பார்க்காமல் கேட்டைத் தாண்ட விடாதீர்கள். முடிந்தால் வாடகையை நீங்களே கட்டி, உங்கள் ஃபார்வர்டரை வைத்து அனுப்புங்கள்.

மாஸ்டர் பி.எல்., ஹவுஸ் பி.எல். என்று இரண்டு ஏன்? சரெண்டர் என்றால் என்ன?

லைனர் ஃபார்வர்டருக்குத் தருவது மாஸ்டர். ஃபார்வர்டர் உங்களுக்குத் தருவது ஹவுஸ். ஒரிஜினல் பி.எல். வழக்கமாக மூன்று பிரதி வரும். அதில் எந்த ஒன்றைக் கொடுத்தாலும் சரக்கு கிடைக்கும், மற்ற இரண்டும் அத்துடன் செல்லாது. அது சரக்கின் பத்திரம் போன்றது, கையில் வைத்திருப்பவர் பக்கமே சரக்கு. இந்தியாவில் இதற்கான சட்டம் நெடுங்காலம் 1856ஆம் ஆண்டுடையதாகவே இருந்தது. 2025இல்தான் புதுச் சட்டம் வந்தது.

பணம் முழுக்க வந்துவிட்டால் ஒரிஜினலைக் கூரியரில் அனுப்பத் தேவையில்லை. இங்கேயே ஒப்படைத்தால், அங்கே காகிதம் இல்லாமல் டெலிவரி கொடுக்கச் சொல்லித் தகவல் போகும். அதுதான் சரெண்டர், சிலர் டெலக்ஸ் ரிலீஸ் என்பார்கள். பணம் வரும் முன் சரெண்டர் செய்யச் சொல்லி வாங்குபவர் எவ்வளவு உருகினாலும் செய்யாதீர்கள்.

விமானச் சரக்கின் ஏர்வே பில்லுக்கு இந்தப் பலம் கிடையாது. அதில் பெயர் உள்ளவர் அடையாளம் காட்டி எடுத்துப் போய்விடுவார். பணத்துக்குப் பிடிமானம் வேண்டுமென்றால் வாங்குபவர் பெயருக்குப் பதில் அவருடைய வங்கியின் பெயரைப் போட வங்கியிடம் சம்மதம் கேளுங்கள்.

சீனாவிலிருந்து எல்.சி.எல். வாடகை ஜீரோ என்றார்கள். சென்னையில் இவ்வளவு பில் எப்படி?

சவுகார்பேட்டை, பாரிமுனை மொத்த வியாபாரிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது.

சரக்கைப் பிடிப்பதற்காக அங்குள்ள கன்சாலிடேட்டர் (பலர் சரக்கை ஒரே பெட்டியில் சேர்ப்பவர்) விற்பவரிடம் வாடகையே வேண்டாம் என்பார். சில சமயம் கன மீட்டருக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்கவும் செய்வார். விற்பவர் சி.ஐ.எஃப். விலை சொல்லிச் சரக்கை அவரிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பெட்டியின் கப்பல் வாடகையை யாராவது கட்டியாக வேண்டுமே? சென்னைக் கூட்டாளி அதை உங்களிடம் வசூலிக்கிறார். டி.ஓ. (டெலிவரி ஆர்டர்) சார்ஜ், டாக்குமென்டேஷன், டெர்மினல் ஹேண்ட்லிங், சி.எஃப்.எஸ். ஹேண்ட்லிங், டீஸ்டஃபிங் (பெட்டியிலிருந்து சரக்கை இறக்குவது) என்று பில்லில் வரி வரியாக ஓடும், பல வரிகள் கன மீட்டர் கணக்கில். சரக்கு சி.எஃப்.எஸ்.ஸில் மாட்டிக்கொண்டிருக்கும்போது, நாளொன்றுக்குக் கிடங்கு வாடகை ஏறும்போது, உங்களால் பேரம் பேச முடியாது. இந்தத் தொழிலில் பல நேரம் கடல் மலிவு, கரைதான் செலவு. ஆனால் எல்லாரும் கடல் ரேட்டை மட்டும் நாலு இடத்தில் விசாரிக்கிறார்கள்.

வழி உண்டு. எஃப்.ஓ.பி.யில் வாங்கி, உங்கள் ஃபார்வர்டரை நீங்களே நியமியுங்கள். விற்பவர் அதற்கு ஒப்பவில்லையென்றால், சரக்கு அங்கே ஏறும் முன் சென்னைக் கூட்டாளி யார் என்று கேட்டு, இங்குள்ள மொத்தச் சார்ஜையும் கன மீட்டருக்கு எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். "ஆக்சுவல் படி" என்று ஒரு வரி இருந்தால் அதற்கும் தோராயத் தொகை போடச் சொல்லுங்கள். முழுப் பெட்டி இறக்குமதி என்றால் எந்த சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போக வேண்டும் என்பதை நீங்களே முன்கூட்டி லைனரிடம் சொல்லக் கேளுங்கள். சொல்லாமல் விட்டால் லைனர் விரும்பிய இடத்துக்குப் போகும், ரேட்டும் அந்த இடத்து ரேட்தான்.

இன்னொன்று: பொம்மை வாங்குகிறவர்கள் சார்ஜைப் பற்றிக் கவலைப்படும் முன் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பற்றிக் கவலைப்பட வேண்டும். 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மை உள்ளே வர முடியாது. சரக்கு வந்து இறங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

டெமரேஜ், டிடென்ஷன் இரண்டும் ஒன்றா?

பேச்சில் எல்லாவற்றையும் டெமரேஜ் என்றே சொல்கிறார்கள். பெட்டி டெர்மினலிலோ சி.எஃப்.எஸ்.ஸிலோ இலவச நாளைத் தாண்டி நின்றால் அந்த இடத்துக்கு வாடகை, அதுதான் டெமரேஜ். லைனரின் பெட்டியைக் கெடுவுக்குள் காலியாகத் திருப்பித் தராவிட்டால் லைனருக்கு டிடென்ஷன், பெரும்பாலும் டாலரில், நாள் ஆக ஆகப் படி ஏறும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஞாயிறு, பொங்கல் எல்லாம் கணக்கில் சேரும். கஸ்டம்ஸ் கேள்வி கேட்டு நிறுத்திய நாட்களும் லைனருக்கு உங்கள் நாட்கள்தான்.

அதனால் புக்கிங்கின்போதே இலவச நாளைப் பேசி வாங்குங்கள். வாடகையில் பத்து டாலர் குறைப்பதைவிட டிடென்ஷனில் ஏழு நாள் கூட வாங்குவது மேல். பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிக்கான கஸ்டம்ஸ் விண்ணப்பம்) சரக்கு வந்து சேர்வதற்கு முந்தைய நாளுக்குள் போட வேண்டும் என்பது விதி. தாமதித்தால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு 10,000.

சரக்கு சென்னையில் இருக்கிறது. கேள்வி கேட்கும் அதிகாரி வேறு ஊரில் இருப்பது ஏன்?

முகம் பாராத மதிப்பீட்டு முறை. 2020 ஜூனில் பெங்களூருவிலும் சென்னையிலும்தான் முதலில் தொடங்கினார்கள். உங்கள் பில் ஆஃப் என்ட்ரியை நாட்டின் எந்த மூலையில் உள்ள அதிகாரியும் பார்க்கலாம். நேரில் போய்ச் சரக்கைக் காட்டி விளக்கும் பழைய வழி அடைபட்டதால், காகிதம் பேச வேண்டும். கேட்டலாக், டெக்னிக்கல் விவரம், முந்தைய இறக்குமதி பில் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே ஏற்றிவிடச் சொல்லுங்கள். எட்டு இலக்க எச்.எஸ். கோட் எண்ணை (சரக்கு எந்த வகை என்று சொல்லும் எண்) விற்பவர் சொன்னபடி அப்படியே போடாதீர்கள், சி.எச்.ஏ.யோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வரி, லைசென்ஸ், ஒப்பந்தச் சலுகை எல்லாம் அதில் தொங்குகின்றன.

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி: எதில் அனுப்புவது?

உங்கள் லைனரின் கப்பல் எங்கே வருகிறதோ அங்கே. சென்னைத் துறைமுகம் நகரத்துக்குள் இருப்பதால் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடும் நெரிசலும் உண்டு. எண்ணூர் காமராஜர் துறைமுகம் நிலக்கரிக்கும் கார் ஏற்றுமதிக்கும் பேர்போனது, கன்டெய்னர் டெர்மினலும் இருக்கிறது. காட்டுப்பள்ளி அதற்கும் வடக்கே. ஷிப்பிங் பில்லில் துறைமுகத்தின் கோட் (குறியீடு) மூன்றுக்கும் வேறு வேறு. லைனர் கடைசி நேரத்தில் கப்பலைச் சென்னையிலிருந்து காட்டுப்பள்ளிக்கு மாற்றினால் உடனே சி.எச்.ஏ.வுக்குப் போன் போடுங்கள். பழைய துறைமுகத்தின் கோட் உள்ள பில்லோடு பெட்டி கேட்டில் நிற்கும்போது சொல்லிப் பயனில்லை.

இன்சூரன்ஸ் கட்டாயமா? இதுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

ஒன்று, உங்கள் சரக்குக்கு எதுவும் ஆகாவிட்டாலும் நீங்கள் பணம் கட்ட வேண்டி வரலாம். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே சிக்கியது நினைவிருக்கும். அதன் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைக் கப்பலும் அதில் சரக்கு வைத்திருந்த அனைவரும் மதிப்புக்கேற்பப் பகிர வேண்டும் என்ற பழைய கடல் வழக்கம் அது. இன்சூரன்ஸ் இருந்தவர்களுக்கு அவர்களுடைய கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. இல்லாதவர்கள் ரொக்கம் கட்டித்தான் பெட்டியை எடுக்க முடியும்.

இரண்டு, இன்சூரன்ஸ் இருக்கிறது என்பது மட்டும் போதாது, எந்த கிளாஸ் (எதற்கெல்லாம் ஈடு கிடைக்கும் என்று சொல்லும் பாலிசி விதி) என்று பாருங்கள். சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுக்க வேண்டியது இன்வாய்ஸ் மதிப்பில் 110 சதவீதத்துக்கு, ஆனால் குறைந்தபட்ச கிளாஸ் 'சி' போதும். அதில் கப்பல் மூழ்குவது, தீ, மோதல் போன்ற பெரிய விபத்துகள்தான். திருட்டு இல்லை, மழையில் நனைவது இல்லை. 'பி'யில் கடல், ஆறு, ஏரி நீர் கிடங்குக்குள் புகுந்தால் கிடைக்கும், மேலே இருந்து ஒழுகிய மழைநீருக்கு அதிலும் கிடையாது. வடசென்னையின் தாழ்வான பகுதிகளில் கிடங்குகள் இருக்கும் ஊரில், டிசம்பர் மாதத்தில், இந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. 'ஏ' எடுங்கள். பிரீமிய வித்தியாசம் பெரும்பாலான சரக்குக்குச் சொற்பம்தான்.

விமான கம்பெனி தரும் நஷ்ட ஈட்டுக்கும் உச்சவரம்பு உண்டு. சர்வதேசச் சரக்குக்கு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.பின் கணக்கு நாணயம்). எலெக்ட்ரானிக் பார்ட்ஸ் அனுப்புகிறவர்கள் தங்கள் சரக்கின் கிலோ மதிப்பை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சொன்ன தேதிக்குச் சரக்கு போய்ச் சேருவதே இல்லை. யார் தவறு?

பல நேரம் யாருடையதும் இல்லை. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்த பிறகு, பெரிய லைனர்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கினார்கள். ஐரோப்பாவுக்கு அது 10 முதல் 14 நாள் வரை கூடுதல். கொழும்பில் நெரிசல் என்றால் ஃபீடரில் போன பெட்டி தாய்க்கப்பலைத் தவறவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கும். புயல் வந்தால் துறைமுகம் கப்பல்களையே ஆழ்கடலுக்கு அனுப்பிவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் துறைமுகத்தோடு அங்கே போகும் சாலையும் முடங்கியது.

ஃபார்வர்டரைக் குறை சொல்ல வேண்டிய இடம், தாமதம் தெரிந்தும் உங்களுக்குச் சொல்லாமல் இருந்தது. கெட்ட செய்தியைத் தானாகப் போன் செய்து சொல்கிறவரை விடாதீர்கள், ரேட் கொஞ்சம் கூட இருந்தாலும்.

ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் மாதக்கணக்கில் வரவில்லையே?

ஐ.ஜி.எஸ்.டி. கட்டி அனுப்பியவர்களுக்கு ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பம். ஆனால் கப்பல் கிளம்பிய பின் லைனர் தரப்பு ஈ.ஜி.எம். (கப்பலில் போன சரக்குகளின் பட்டியல்) தாக்கல் செய்து, அதில் கன்டெய்னர் எண்ணும் ஷிப்பிங் பில் எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நின்றுவிடும். ஜி.எஸ்.டி. ஆபீஸுக்கு அலையும் முன் ஐஸ்கேட்டில் ஈ.ஜி.எம். நிலையைப் பாருங்கள்.

இறக்குமதிச் சரக்கை எடுக்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டால்?

30 நாளுக்குள் கிளியர் ஆகாத சரக்கை, நோட்டீஸ் கொடுத்து விற்கச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் ஏலத்துக்கு வருவதற்குள் பெட்டிகள் காலம் காலமாகக் கிடக்கும். 2015இல் பிடிபட்ட சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலி சி.எஃப்.எஸ். ஒன்றில் கிடந்தது, 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் அதே ரசாயனம் வெடித்த பிறகுதான் ஊருக்கே தெரியவந்தது. அதன் பின் அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். கைவிட்டவரை லைனர் விடமாட்டார்: டிடென்ஷனுக்கு உங்களையோ அனுப்பியவரையோ தேடி வருவார். வேண்டாம் என்று முடிவானால் கஸ்டம்ஸுக்கும் லைனருக்கும் சீக்கிரம் எழுத்தில் தெரிவித்து, திருப்பி அனுப்பவோ வேறு ஆளுக்கு விற்கவோ வழி பாருங்கள்.

ஃபார்வர்டர் தந்த எண்ணை லைனர் தளத்தில் போட்டால் எதுவும் வரவில்லை. மோசடியா?

அவசரப்பட வேண்டாம். அது ஹவுஸ் பி.எல். எண்ணாக இருக்கும், லைனருக்கு அது தெரியாது. கன்டெய்னர் எண்ணைக் கேளுங்கள்: நான்கு எழுத்து, அதில் கடைசி எழுத்து பெரும்பாலும் 'யு', பிறகு ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது, எண்ணைத் தப்பாக அடித்தால் அதை வைத்தே பிடித்துவிடலாம். அந்த எண்ணை லைனர் தளத்தில் போட்டால் பெட்டி கேட்டுக்குள் போனது, கப்பலேறியது, கொழும்பில் இறங்கியது எல்லாம் தேதியோடு தெரியும். எல்.சி.எல். சரக்கென்றால் பெட்டி எண் ஸ்டஃபிங் முடிந்த பிறகுதான் கிடைக்கும், ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். கப்பல் கிளம்பிய பின்னும் கன்டெய்னர் எண்ணைத் தர ஒருவர் மறுத்தால், அப்போது அவர் ஆபீஸ் மாடிப்படி ஏறுங்கள்.